யாரும் சாகாத பாட்டு

ஒரு ஊர்ல ஒரு விருமாயி. ராசாவும் இல்ல, ராணியும் இல்ல, வெறும் விருமாயிதான். எழவு வீட்டுல ஒப்பாரி பாடுறவ. கூடப் பாட ஒச்சாயி, சிட்டம்மான்னு ரெண்டு பேரு. இந்தச் சிட்டம்மாவுக்கு ஒரு நாத்தனா இருந்தா பாரு, கருவாட்டுக் கொழம்பச் சட்டியோட தூக்கிக்கிட்டு... சரி, அது வேற கத. ம் கொட்டு.

அப்ப ஒருநா விருமாயி சொன்னா, "ஏத்தா, நாம வாயத் தொறக்கணும்னா எவனாச்சும் சாக வேண்டியிருக்கு. ஒருநாளாச்சும் யாரும் சாகாம பாடுவோமா?"

"எதுக்கு?"ன்னா ஒச்சாயி.

"நல்லாருக்கும்ல. அதுக்குத்தான்."

அப்பறம் மூணு பேரும் விருமாயி வீட்டுல உக்காந்து நெலாப் பாட்டு ஒண்ணு எடுத்தாக. ரெண்டு வரி முடியல, கை தானா நெஞ்சுக்குப் போயிருச்சு. பட்டு பட்டுன்னு ஒரே அடி. பழக்கம் விடுமா? தடதடன்னு ஊரே வந்துருச்சு. முன்னால பூக்கட மொக்கையன், கையில பொணத்துக்குப் போட மால.

"யாரு போனது?"

"யாரும் போகல. நீ போ."

அப்பறம் மறுநா, கையப் பின்னால கட்டிக்கிட்டு கம்மாக்கரையில பாடுனாக. நல்லாத்தான் போச்சு. நடுவுல சிட்டம்மா சர்ர்ருன்னு மூக்கச் சிந்திப்புட்டா. ஒப்பாரியில அப்பிடித்தான சிந்துவாக. மறுபடியும் மொக்கையன், மறுபடியும் மால. ஊரு பெரியவுக கோவிச்சுக்கிட்டு, "இன்னொருக்கா பொய்யா பாடுனா, நெச எழவுக்கு ஒங்களக் கூப்பிட மாட்டோம்"னுட்டாக.

"பொழப்பு போயிரும்த்தா"ன்னா ஒச்சாயி.

"இன்னும் ஒரே ஒருக்கா"ன்னா விருமாயி. கேக்குறியா? ம். சரி.

மூணாம் நா பாறையடியில வட்டமா நின்னு, ஒருத்தி கைய ஒருத்தி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாக. நெஞ்சுக்கும் போக முடியாது, மூக்குக்கும் போக முடியாது. பாட்டு ஜிவ்வுன்னு ஏறுச்சு. கொரலு கேட்டு மொக்கையன் மாலையோட மூச்சு வாங்க ஓடியாந்தான்.

"இப்பவும் யாரும் சாகலையா?"

"சாகல."

"அப்ப மாலைய என்ன செய்ய?"

"நீயே போட்டுக்கிட்டு வந்து கையப் பிடி. எங்களுக்கு ஒரு கட்டக்கொரல் கொறையுது."

அவனும் போட்டுக்கிட்டுப் பாடுனான். ஆட்டுக்கல்லு உருளுற மாதிரி ஒரு கொரலு, கடகடன்னு. பின்னாடியே திட்ட வந்த பெரியவுக, "மாலை போட்டவனே பாடுறானே"ன்னு அப்பிடியே உக்காந்துட்டாக. முடிஞ்சதும் ஒருத்தர் கேட்டாரு, "நாளைக்கும் பாடுவீகளா?"

விருமாயி கைய விடாம சொன்னா, "யாரும் சாகலன்னா பாடுவோம்."

அம்புட்டுத்தான். பாட்டு அவுகளுக்கு, தூக்கம் ஒனக்கு. கண்ண மூடு.