சாவுக்கு மட்டும் லீவு

கோபுரத்தின் மேல் தீபம் ஏறும்போது கப்பி முனகும். எண்ணெய் காணாத கப்பி. மடத்துத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் தெரிந்துவிடும், யாரோ போய்விட்டார்கள் என்று. இறந்தவருக்காக ஏற்றுகிற மோட்ச தீபம் அது. எப்போதாவதுதான் கேட்கும்.

ஒரு தை மாதம் அது அடிக்கடி கேட்டது.

பூசத் திருவிழா அன்னதானத்துக்காக அந்த வருஷம் மடத்துச் சமையற்கட்டில் புதிதாகப் பலரை வேலைக்குச் சேர்த்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு திருமலையப்பனுக்கு. நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற பின் தீட்சை வாங்கியவர். குருவைவிட வயதில் மூத்த சீடர்.

சேர்ந்த கையோடு லீவு கேட்டு வந்தார்கள். ஒருவருக்கு மச்சினி வளைகாப்பு. இன்னொருவருக்குக் குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு. நீ போகாவிட்டால் கிடா சாகாதோ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். பிறகு குருவிடம் போய், புதியவர்கள் லீவு கேட்டால் எப்படி முடிவு செய்வது என்றார்.

"கேட்கிறவனைப் பார்த்து," என்றார் குரு.

திருமலையப்பனுக்கு அது பதிலாகப் படவில்லை. ஆள் பார்த்துக் கொடுத்தால் பாரபட்சம் என்பார்கள். ஆலையில் அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் வாங்கியதில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே விதி போட்டார். பூசம் முடியும்வரை, வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் லீவு. இறந்தவருக்கு மடத்தின் செலவில் மோட்ச தீபம். தான் கல்நெஞ்சக்காரர் இல்லை என்று காட்ட அவர் சேர்த்துக்கொண்டது அது.

அதன் பிறகு புதியவர்களின் தாத்தாக்களும் பெரியம்மாக்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொரு தீபத்தின் கீழும் திருமலையப்பன் கண்ணை மூடி நின்றார்.

காய் நறுக்கும் சுடலைக்கண் ஒரு காலையில் வந்தான். ஊரில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல், கழுத்து விறைத்துக்கொள்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், வீட்டில் பெண்கள் மட்டும்தான் என்றான். திருமலையப்பன் விபூதி மடித்துக் கொடுத்து, சரியாகிவிடும், போய்ப் பூசணியை நறுக்கு என்றார். அவன் நின்றான். பிறகு போய் நறுக்கினான்.

மறுநாள் திரும்ப வந்தான். அம்மா செத்துப்போச்சு என்றான். உடனே அனுப்பிவைத்தார். அன்று மாலை கப்பி முனகியது.

அடுத்த நாள் பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஒரு வயதான பெண் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"சாமி, நான் ஆவுடை. சுடலைக்கண்ணுக்கு அம்மா. அவன் வர இன்னும் ரெண்டு நாள் ஆகும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

திருமலையப்பனின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நிற்க, இலை நிறைந்து தரையில் ஓடியது. யாரும் அவனைத் திட்டவில்லை. திருமலையப்பன் வாய் திறந்தபடி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"எனக்கா ஏத்தினீங்க?" என்றாள். "நெய்யா, நல்லெண்ணெயா?"

"நெய்," என்றார் அவர், தன்னை அறியாமல்.

அவளை அழைத்துக்கொண்டு நேரே குருவிடம் போனார். பெற்ற தாயைச் சாகடித்தவன் சமைத்ததை அடியார்கள் சாப்பிட வேண்டுமா, அவனை இனி உள்ளே விடக்கூடாது என்றார்.

"அவனா சொல்லல சாமி," என்றாள் ஆவுடை. "செத்தாத்தான் லீவாம்னு போன்ல அழுதான். பச்சப்பிள்ளையைச் சொல்ல வாய் வருமா? பொண்டாட்டியைச் சொல்ல முடியுமா? வீட்டுல வயசானவ நாந்தான. என்னைச் சொல்லுலேன்னேன். சாமி இடத்துல பொய் நிக்கக்கூடாதுன்னுதான் நானே வந்தேன்."

திருமலையப்பன் குருவிடம் ஓர் அடி நெருங்கினார்.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான் சாமி. நான் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை."

"முதலில் வந்தபோது அவன் என்ன சொன்னான்?" என்றார் குரு.

"குழந்தைக்குக் காய்ச்சல் என்று."

"அது பொய்யா?"

"இல்லை."

"அதற்கு என்ன கொடுத்தீர்கள்?"

"விபூதி."

"இரண்டாவது முறை?"

"லீவு," என்றார். பிறகு, "தீபம்," என்றார்.

குரு ஆவுடையின் பக்கம் திரும்பினார்.

"குழந்தை எப்படியம்மா இருக்கிறது?"

அதுவரை யாரும் கேட்கவில்லை.

"கண்ணு முழிச்சிட்டா சாமி. ஒருநாள் முந்திக் கொண்டாந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாரு." அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அவனை வேலையை விட்டு மட்டும் நிறுத்திராதீங்க."

குரு திருமலையப்பனைப் பார்த்தார்.

"இந்த அம்மா கேட்கிறார்கள். பாருங்கள்," என்றார்.

திருமலையப்பன் நிமிரவில்லை.

சுடலைக்கண் பல வருஷம் அங்கேயே வேலை செய்தான். குழந்தை பிழைத்தாள். அவளுக்கு இரண்டு காதும் கேட்காமல் போயிற்று.