அறுபது வருஷக் காவல்

சிவக்கொழுந்துக்கு வயது எழுபது. ஆற்றங்கரை மடத்தில் அவர்தான் மூத்த சீடர். குரு மாதரசியம்மாவுக்கோ ஐம்பதுகூட ஆகவில்லை. மடத்துக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் சிவக்கொழுந்து வாயிலிருந்து ஒரு சுடுசொல் வந்ததில்லை. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

போன வாரம் இடுப்பில் அக்கி கண்டது. ஊர் வழக்கப்படி குயவர் வந்து, அக்கி இறங்க அதன்மேல் காவி குழைத்துச் சிங்கம் எழுதிவிட்டுப் போனார். எரிச்சல் அடங்கவில்லை.

இன்று காலை டாக்டரிடம் போனார். பத்து வயதில் சின்னம்மை போட்டதே, அந்தக் கிருமிதான் இது என்றார் டாக்டர். அன்றைக்கே நரம்புக்குள் போய் ஒண்டிக்கொண்டதாம். நரம்பைக் கொல்லாதாம், கொன்றால் அதற்கு இருக்க இடம் ஏது? அடியோடு ஒழிக்க முடியாதா என்று இவர் கேட்டார். நரம்பையே அழித்தால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தால் மடத்து வாசலில் தம்பி தாண்டவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா செத்தபோது இவருக்குச் சொல்லி அனுப்பாமலே கொள்ளி வைத்தவன். அண்ணனுக்கு அக்கி என்று கேள்விப்பட்டு வேப்பிலையும் இளநீருமாக வந்திருந்தான். அவ்வளவுதான். எல்லாரும் பார்க்க, வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்துவிட்டார் சிவக்கொழுந்து.

பிறகு பையில் துணியை அடைத்துக்கொண்டு குருவிடம் போய் நின்றார். வெட்கமாக இருந்தது.

“நான் போறேம்மா. பன்னிரண்டு வருஷமும் வீணாப்போச்சு. கோபம் உள்ளேயேதான் இருந்திருக்கு.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாதரசியம்மா நிமிர்ந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அப்போ கோபத்தை அடியோட ஒழிக்கணும்னா, தம்பியையே மனசுல இருந்து அழிக்கணும். செஞ்சிடலாமா ஐயா?”

சிவக்கொழுந்து வாசல் பக்கம் பார்த்தார். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

“இதுக்கு முன்னாடி அக்கி வந்திருக்கா?”

“இல்லம்மா. இதுதான் முதல் தடவை.”

“அறுபது வருஷம் அதை வெளியே விடாம வெச்சிருந்தது யாரு?”

“உடம்புதான் காவல் காத்துச்சாம். இப்போ வயசாகி அசந்துபோச்சாம்.”

அம்மா அவர் இடுப்பைப் பார்த்தார். வியர்வையில் காவி கரைந்து, சிங்கத்துக்கு முகமே இல்லை. எழுந்து அவர் தோளிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

“காவல்காரர் அசந்துட்டார். போய்ப் படுங்க” என்றார். “வாசல்ல இன்னும் ஒருத்தர் வெயில்ல உக்காந்திருக்கார். அவருக்கும் ஒரு பாய் போடுங்க. பன்னிரண்டு வருஷமாத் தூங்காத முகம்.”