தலைவர் வராத நாள்

மனநல ஆலோசனை மையத்தில் பதிவேடு எழுதுகிறவள் அமிர்தவல்லி. தேர்தல் நெருங்கிய சமயம், நகராட்சித் தலைவர் சங்கரலிங்கம் விறுவிறுவென்று உள்ளே வந்து அவள் மேஜையைத் தட்டினார்.

"என்னை எதிர்த்து நிக்கிற வாத்தியார் இங்க வர்றாராமே? பதிவேட்டைக் காட்டு. இல்லேன்னா உன் வேலை இருக்காது."

அமிர்தவல்லி பணிவாகப் பேனாவை எடுத்தாள்.

"காட்டுறேங்கய்யா. ஆனா உங்களுக்குக் காட்டினா, கேக்குற எல்லாருக்கும் காட்டணும். வந்தவங்க பேரை எழுதுறது என் வேலை. முதல்ல உங்க பேரை எழுதிக்கிறேன். நாளைக்கு வாத்தியாரோட ஆளுங்க வந்தா அவங்களும் பார்த்துக்கட்டும்."

தலைவருக்குக் குப்பென்று வியர்த்தது. குரலைத் தாழ்த்தி, "நான் இங்க வரவே இல்லம்மா" என்றார்.

"வராதவரு கேட்டதுக்கு நான் எப்படிங்கய்யா பதில் சொல்றது?" என்று பேனாவை மூடினாள் அமிர்தவல்லி.