ஜென்சனுக்கு அப்பன் பெயரே பெயரான கதை

அந்தக் காலத்தில், கடலும் பறவையும் மனிதரோடு வாய் திறந்து பேசிய நாளில், வடக்கே பனிக்கடல் ஓரம் ஜென்ஸ் என்ற மீனவன் இருந்தான். அந்த ஊரில் குடும்பப் பெயரெல்லாம் கிடையாது. பிள்ளைக்கென்று ஒரு பெயர் வைப்பார்கள். பின்னால் அப்பன் பெயரோடு 'சன்' சேர்ப்பார்கள். சன் என்றால் அங்கே மகன். ஜென்ஸின் மகன் ஜென்சன். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அதை மட்டும் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே அப்பன் இறந்துவிட்டால், அப்பன் பெயரையே பிள்ளைக்கு வைக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயரை மட்டும் தொடவே கூடாது. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கடல் வந்து ஒருவரைக் கொண்டுபோய்விடும்.

ஜென்ஸ் கடலுக்குப் போன நேரம் அவன் மனைவி சிக்ரிட் நிறைமாதமாக இருந்தாள். மூன்றாம் நாள் புயல் அடித்தது. கவிழ்ந்து கிடந்த படகைப் பார்த்தது ஒரு கடற்காகம். அந்த அவசரக்குடுக்கைக்குக் கிட்டப் போய்ப் பார்க்கப் பொறுமை ஏது? நேரே ஊருக்குள் வந்து, ஜென்ஸ் மூழ்கிவிட்டான் என்று சொல்லிவிட்டது. சிக்ரிட் இடிந்துபோனாள். அழுதுகொண்டே பிள்ளை பெற்றாள். எட்டாம் நாள் கரையில் நின்று, கடலுக்குக் கேட்கும்படி, பிள்ளைக்கு ஜென்ஸ் என்று பெயர் வைத்தாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஜென்ஸ் நிற்கிறான். ஏதோ பாறைத்தீவில் ஒதுங்கிப் பிழைத்திருக்கிறான். சிக்ரிட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிக்கொள்ள நீண்ட கை பாதியிலேயே நின்றுவிட்டது. பாவம், அவளால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. பிள்ளையின் பெயரைக் கேட்டதும் அவன் முகமும் வெளுத்தது. கடல் கேட்டுவிட்ட பெயரை மாற்ற வழியே கிடையாது.

இருவரும் யோசித்து முடிப்பதற்குள் கடல் வாசலைத் தாண்டிவிட்டது. ஜென்ஸ் யார் என்று கேட்டபடி, நுரை தொட்டில் பக்கம் நகர்ந்தது. சிக்ரிட் பதறிப்போய்த் தொட்டிலை மறைத்தாள்.

"இவன் ஜென்ஸ் இல்ல. ஜென்சன். ஜென்ஸோட மகன்."

பிறக்கும்போதே பிள்ளைக்குச் சேர்ந்த பெயர் அது. கடலால் மறுக்க முடியவில்லை.

"அப்போ ஜென்ஸ் எங்கே?" என்றது கடல்.

அப்போதுதான் தான் சொன்னது என்னவென்று சிக்ரிட்டுக்கு உறைத்தது. புருஷனைப் பார்த்தாள்.

"நான்தான்," என்று ஜென்ஸ் முன்னால் வந்தான். "நீ சொன்னது சரிதான் சிக்ரிட். அவனை அப்படியே கூப்பிடு."

தண்ணீர் வடிந்தபோது வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். தரை நனைந்து கிடந்தது. பிள்ளை அழுதபோது சிக்ரிட் அவனைத் தூக்கிக்கொண்டு, முதல்முறையாக ஜென்சன் என்று கூப்பிட்டாள்.

அன்று முதல்தான் அப்பனைச் சொல்லும் பின்பெயர் பிள்ளையின் சொந்தப் பெயராகவும் ஆனது. இன்றும் ஒருவனை ஜென்சன் என்று கூப்பிட்டால், அவனுக்கு முன்னால் அவன் அப்பன் வந்து நிற்கிறான்.