சல்லிசான வேகம்

“ஒரு குதிரை ஏழாயிரம் ரூபாய்க்கு விழுகுது மாப்ள. இதைவிடச் சல்லிசா எங்கியும் கெடைக்காது.”

பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவன் இப்படிச் சொன்னான். சாலையின் குறுக்கே படுத்திருந்த வேகத்தடையின் காதில் அது தற்செயலாக விழுந்தது.

கோயம்புத்தூரில் இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் ஒரு குறுகலான தெரு அது. ஒரு பக்கம் பேக்கரி, எதிரே ஒரு தொடக்கப் பள்ளி. நடுவே இந்த வேகத்தடை. வெள்ளைக் கோடுகூடப் போடாத, கையால் பிடித்துவைத்ததுபோல் கோணலான தார் மேடு.

குதிரை என்றதும் வேகத்தடைக்குச் சந்தோஷமாகிவிட்டது. பள்ளியின் வராந்தாவில் தொங்கிய வெண்கல மணியைக் கூப்பிட்டது.

“கேட்டாயா? நம் தெருவுக்குக் குதிரைகள் வரப்போகின்றன.”

“எத்தனை?” என்றது மணி.

“நூற்று அறுபது என்றான்.”

“நூற்று அறுபதா? அத்தனையையும் எங்கே கட்டிவைப்பான்?”

“அது அவன் பாடு. குதிரை நல்ல பிராணி. காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போய்விடும். தண்ணீர் லாரிபோல் என்னைத் திட்டாது.”

குதிரை வாங்கப் போகிறவன் பெயர் நவநீதன். மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளர். கூட இருந்தவன் ரிச்சர்ட். கார்களை இன்னும் வேகமாக ஓடவைக்கும் பட்டறை வைத்திருப்பவன். பல மாதங்களாக இருவரும் அந்த வாசலில் நின்று ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். காரின் விலையை அதன் குதிரைசக்தியால் வகுப்பார்கள். விடை பெரிதாக வந்தால் அந்தக் கார் கழிக்கப்படும்.

“இதுல ஆறு ஏர்பேக் இருக்குதுடா” என்று ரிச்சர்ட் ஒருமுறை ஒரு காரின் படத்தைக் காட்டினான்.

“ஆறு ஏர்பேக் இருந்தா வேகம் கூடுமா?”

“கூடாது.”

“அப்பறம் அதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?”

பின்சீட்டில் இடம் தாராளமாக இருந்த காரும் அப்படியே கழிந்தது. வெறும் எடை என்றான் நவநீதன். கடைசியில் ஒருவர் நாலு வருடம் ஓட்டிய சிவப்புக் கார் ஒன்று அகப்பட்டது. அதைத்தான் குதிரை ஏழாயிரம் என்று அவன் அன்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. வேகத்தடையின் முன்னால் நின்று, குறுக்காகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏறியது. இறங்கும்போது அடிவயிறு கர்ரென்று உரசியது.

“குதிரைகள் எங்கே?” என்று கேட்டது வேகத்தடை.

“உள்ளே” என்றது கார்.

“நூற்று அறுபதுமா? பாவம், மூச்சு முட்டாதா?”

“அவை மூச்சு விடுவதற்கு இல்லை, இழுப்பதற்கு. நீ யார்?”

“வேகத்தடை.”

“அது ஒரு வேலையா?”

“வேலைதான்.”

“என்ன சம்பளம்?”

“திட்டு” என்றது வேகத்தடை.

கார் சிரிக்கவில்லை. “என் முதலாளி கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு வேகம் வரும் என்று பார்த்து என்னை வாங்கியவர். உன்னால் அந்தக் கணக்கு கெடுகிறது. பாய்ந்து வருகிறேன், உன் முன்னால் நிற்கிறேன், நொண்டியடித்து இறங்குகிறேன். அதற்குள் ஒரு அம்மா தயிர் வாங்கிக்கொண்டு என்னை நடந்தே முந்திப் போய்விட்டாள்.”

“சாயங்காலம் பள்ளி விடும்போது இங்கே கொஞ்சம் நின்று பார். எதற்காக ஏறி இறங்குகிறாய் என்று தெரியும்.”

“நிற்பதற்காக என்னை யாரும் வாங்கவில்லை” என்று சொல்லிவிட்டுக் கார் போயிற்று.

அதன்பின் தினமும் உரசல்தான். நவநீதன் தினமும் இறங்கிக் குனிந்து காரின் வயிற்றைத் தடவிப் பார்த்தான். ஒருநாள் ரிச்சர்டைப் பேக்கரிக்கு வரச் சொன்னான்.

“வண்டியத் தரையில இருந்து கொஞ்சம் ஏத்திரலாம்” என்றான் ரிச்சர்ட். “அறுபதாயிரம் ஆகும். ஆனா வளைவுல பிடிமானம் போயிரும்.”

“வேண்டாம்.”

“இன்ஜின் சிப்பு மாத்தலாம். நாப்பதாயிரத்துக்கு இருபது குதிரை கூடும்.”

“குதிரை ரெண்டாயிரம். வெலை பரவால்ல. ஆனா இந்த மேட்டுல தவழ்ந்து போறதுக்கு இன்னும் இருபது குதிரை எதுக்குடா?”

ரிச்சர்ட் பப்ஸைக் கடித்துக்கொண்டே சிரித்தான். “அப்பிடின்னா மேட்டையே எடுத்துரு. இருக்கறதுலயே அதுதான் சல்லிசு.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நவநீதன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“எவ்வளவு ஆகும்?”

“எது?”

“எடுக்கறதுக்கு.”

ரிச்சர்ட் மெல்லுவதை நிறுத்தினான். “பக்கத்துத் தெருவுல குழாய் பதிக்கறவங்க மெசினு வெச்சிருக்காங்க. ரெண்டாயிரம் குடுத்தா பேத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. ஏன்டா, நெசமாவா கேக்கறே?”

“ரெண்டாயிரம்” என்று நவநீதன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். “ரெண்டாயிரத்துக்கு இவ்வளவு வேகம் வேற எங்கடா கெடைக்கும்?”

அவன் அவசரப்படவில்லை. தெருக்காரர்களிடம் பொறுமையாகப் பேசினான். பேக்கரிக்காரர், பால் பெட்டி இறக்கும் வண்டி குலுங்கிப் பாக்கெட்டுகள் உடைகின்றன என்றார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், தன் இடுப்பு வலிக்கே இந்த மேடுதான் காரணம் என்றார். ஆட்டோக்காரர் தன் வண்டியின் பின்சக்கரத்தைக் காட்டினார். எடுத்துவிட்டால் நல்லதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் வேகத்தடைக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“பால் பாக்கெட், இடுப்பு, பின்சக்கரம்” என்று அது மணியிடம் கத்தியது. “இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இந்த இடத்தில் செத்த மறுவாரம் என்னைப் போட்டார்களே, அன்றைக்கு இவர்களுக்கெல்லாம் இடுப்பு இல்லையா? எனக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தவர் அந்த வங்கி அதிகாரிதான். பேக்கரிக்காரர் எல்லோருக்கும் இலவசமாக டீ கொடுத்தார். நான் என்ன கேட்டேன்? மாலை கேட்டேனா, சுண்ணாம்பு கேட்டேனா? இத்தனை வருடமாக என்னை மிதித்து, என்னைத் திட்டி, என் பேரில் துப்பிவிட்டுப் போனார்கள். சரி, துப்பட்டும். ஆனால் துப்பும்போது வேகத்தைக் குறைத்தார்கள். எனக்கு அது போதும் என்று கிடந்தேன்.”



பள்ளியில் முதல் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் சுகிர்தா டீச்சர்தான் தினமும் சாயங்காலம் பிள்ளைகளைத் தெரு தாண்டிக் கொண்டுபோய் விடுவார். சின்ன வயதுதான். அவருடைய குரல் வகுப்பில் மூன்றாவது பெஞ்சுக்கே எட்டாது. அவர் பேக்கரி வாசலுக்கு வந்து, நவநீதன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்து நின்றார்.

“சார், அந்த மேட்டை எடுக்கப் போறதாச் சொன்னாங்க.”

“ஆமாங்க டீச்சர். தெருவே கேக்குது.”

“பிள்ளைங்க தாண்டணும் சார்.”

“பாத்துத் தாண்டச் சொல்லிக் குடுங்க. அதுக்குத்தானுங்க உங்களுக்குச் சம்பளம்.”

பேக்கரி பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுகிர்தா டீச்சர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணாங்கிளாஸ் சார். அப்பா வண்டியப் பாத்தாங்கன்னா கைய உதறிட்டு ஓடிருவாங்க.”

“டீச்சர், என் வண்டியில நாலு சக்கரத்துலயும் டிஸ்க் பிரேக். நூறு கிலோமீட்டர் வேகத்துல வந்தாலும் நாப்பது மீட்டர்ல நின்னுரும். இந்த வெலைக்கு அப்பிடி நிக்கற வண்டி வேற இல்லீங்க.”

“தெருவோட அகலமே ஆறு மீட்டர்தான் சார்” என்றார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்து உள்ளே மிக்ஸி ஓடியது. அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவரும் திருப்பிச் சொல்லவில்லை.

சனிக்கிழமை, பள்ளி விடுமுறையில், மெஷின் வந்தது. பேர்த்தெடுத்த கட்டிகளைப் பள்ளிச் சுவர் ஓரமாகக் குவித்தார்கள். மேடு இருந்த இடத்தில் புதுத் தார் பூசினார்கள். நவநீதன் எல்லோருக்கும் டீ சொன்னான்.

“வலிக்கிறதா?” என்று மணி கேட்டது.

“வலி இல்லை” என்றது குவியல். துண்டு துண்டாகத்தான் அதனால் பேச முடிந்தது. “நான் ஒரு காருக்கு உதிரிபாகம் ஆகிவிட்டேன். கழற்றிப் போட்டால் வேகம் கூடும் பாகம்.”

திங்கட்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. பிள்ளைகள் வாசலுக்கு வந்தார்கள். எதிர்ப்பக்கம் அப்பாவைப் பார்த்துவிட்ட ஒருத்தி டீச்சரின் கையை உதறினாள். அதே சமயம் கார் திருப்பத்தில் திரும்பியது. அன்றுதான் முதல்முறையாக அதன் குதிரைகள் அத்தனையும் அந்தத் தெருவில் ஓடின.

சுகிர்தா டீச்சரின் கைக்குப் பிள்ளையின் பை வார்தான் கிடைத்தது. இழுத்தார். வார் அறுந்தது. பிள்ளை பின்னால் விழுந்தாள். பையிலிருந்து உருண்ட டிபன் பாக்ஸ் சாலைக்குப் போனது.

கார் வெகுதூரம் போய் நின்றது. நவநீதன் கண்ணாடியில் பார்த்தான். பிள்ளை எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். அவன் கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இருட்டுவதற்கு முன் பேக்கரிக்கு வந்தவன், “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை” என்றான். பேக்கரிக்காரர் கல்லாவைத் துடைத்தார். வங்கி அதிகாரி, பிள்ளைகளை இன்னும் கண்டிப்பாக வளர்க்க வேண்டும் என்றார்.

சுவர் ஓரத்திலிருந்து குவியல், பேக்கரி வாசலில் நின்ற காரைக் கேட்டது. “அந்த டிபன் பாக்ஸ் எப்படி இருந்தது?”

“எந்த டிபன் பாக்ஸ்?”

“நீ ஏறிப் போனாயே.”

கார் யோசித்தது. “எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் நல்ல சஸ்பென்ஷனுக்கு அடையாளம்” என்றது.

“அது தகரம் என்பதால் தெரியவில்லையா, வேறு எதுவாக இருந்தாலும் தெரியாதா?”

“வேகத்தில் எல்லாம் ஒன்றுதான்.”

குவியலின் ஒவ்வொரு கட்டியும் நடுங்கியது. “நானும் உன்னைப் போல ஒரு பொருள்தான். எனக்கும் கண் இல்லை, கை இல்லை, குழந்தை இல்லை. ஆனால் என்மேல் ஏறியது எது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தெரிந்தது. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. உன்னை வாங்கியவன் அதற்கு மட்டும் காசு கொடுக்கவில்லை.”

அதற்குப் பதில் சொல்லக் காருக்குள் குதிரை எதுவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மணி, “இன்றைக்கு நான் அடிக்கப் போவதில்லை” என்றது. “நான் வாயைத் திறந்தால்தானே பிள்ளைகள் வெளியே வருகிறார்கள்.”

ஆனால் மணியின் நாக்கு மணியின் கையில் இல்லை. பள்ளி ஆயா வந்து கயிற்றை இழுத்தார். நாக்கு அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

சுகிர்தா டீச்சர் அவர்களுக்கு முன்பே வாசலில் நின்றார். கேட்டைச் சாத்தினார். “எல்லாரும் உள்ளயே உக்காருங்க” என்றார். என்றைக்கும் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாத குரல்தான். பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

பேக்கரியில் வங்கி அதிகாரி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் பேப்பரைப் புரட்டினார். பெரிய சாலையிலிருந்து காரின் உறுமல் கேட்டது.

டீச்சர் கைப்பையைக் கட்டிகளின் குவியல்மேல் வைத்தார். செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் கொசுவத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவுக்கு நடந்தார். புதுத் தார் பூசியிருந்த இடத்தில், சாலையின் குறுக்கே, தலை பள்ளிப் பக்கமும் கால் பேக்கரிப் பக்கமுமாகப் படுத்துக்கொண்டார்.