கருந்துளை மேல் ஒரு புகார்

"அது திருடுது, மேடம்," என்றார் அருளானந்தம்.

நப்பின்னை கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எது?"

"கருந்துளை. கேலக்ஸி நடுவுல உக்காந்துக்கிட்டு, புது நட்சத்திரம் பிறக்க வேண்டிய வாயுவை எல்லாம் அதுவே முழுங்கிடுது."

"பார்த்தீங்களா?"

"மூணு கேலக்ஸியில பார்த்தேன். மூணுலயும் நடுவுல, அது தின்னும்போது கிளம்பற எக்ஸ்-கதிர் கொழுந்துவிட்டு எரியுது. சுத்திலும் இளசா ஒரு நட்சத்திரம் இல்லை."

"சரி," என்றார் நப்பின்னை. "கட்டுரையை வெச்சுட்டுப் போங்க."

மழைக்கு முன்னால் வைத்த கட்டுரை அது. மழை முடிந்து, மலையில் பனி இறங்கத் தொடங்கியும் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அருளானந்தம் கீழே ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். ஐம்பது தாண்டிய பிறகு வேலையை விட்டுவிட்டு, முனைவர் பட்டத்துக்காக இந்த வானாய்வகத்துக்கு ஏறி வந்தார். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த நப்பின்னைக்கு, அவரிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான். நப்பின்னை இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார். இரண்டு பேருக்கும் அந்தச் சொற்கள் வாயில் சரியாக உட்காரவில்லை.

ஒரு நாள் மாலை, அருளானந்தம் தேநீர் வாங்கிக்கொண்டு நப்பின்னையின் அறையைக் கடந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. திரையில் அவர் வரைந்த வரைபடம். நப்பின்னை போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லை, இது என்னோடது. முழுக்க என்னோடது."

அருளானந்தம் நிற்கவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டுரை இத்தனை நாள் ஏன் கிடப்பில் கிடந்தது என்று இப்போது புரிந்துவிட்டதாக நினைத்தார்.

மறுநாள் முதல் பேருந்தில் கீழே இறங்கி, வானாய்வகத்தின் இயக்குநர் தணிகைவேலிடம் நப்பின்னை மேல் புகார் கொடுத்தார்.

"நல்லா யோசிச்சுக்குங்க," என்றார் தணிகைவேல். "நிரூபணமாச்சுன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும். வேற எங்கயும் சேர்த்துக்க மாட்டாங்க."

"காதால கேட்டேன், சார்."

"நானே மேல வந்து விசாரிக்கிறேன்."

அருளானந்தம் மலைக்குத் திரும்பி வந்ததும் நப்பின்னை அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். விஷயம் தெரிந்துவிட்டதா என்று அருளானந்தம் அந்த முகத்தைத் துழாவினார். ஒன்றும் பிடிபடவில்லை.

"உங்க மூணு கேலக்ஸியை ஓரமா வைங்க, சார். நட்சத்திரம் நிறைய பிறக்கற கேலக்ஸிகளை எடுங்க. அதோட எக்ஸ்-கதிர்ப் படங்களை அனுப்பியிருக்கேன்; நடு மேல நடு வர்ற மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க."

"அதுல எதுலயும் நடுவுல வெளிச்சமே இல்லையே, மேடம்."

"அதனாலதான் சொல்றேன்."

நமக்கு ஒரு வெட்டி வேலை கொடுத்துவிட்டு, அதற்குள் கட்டுரையைத் தன் பேரில் அனுப்பிவிடப் போகிறார் என்று அருளானந்தத்துக்குத் தோன்றியது. மறுத்தால், சொன்ன பேச்சு கேட்காதவர் என்று அதையே காரணமாக்குவார். செய்வதென்று முடிவு செய்தார். ஆனால் நப்பின்னை கொடுத்த படங்களைத் தொடவில்லை. அதில் ஏதாவது கை வைத்திருந்தால்? மூலப் படங்களைத் தானே தேடி இறக்கினார்.

அடுக்கினார். இருட்டு மேல் இருட்டு. மேலும் அடுக்கினார். நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு, தனித்தனியே தெரியாத வெளிச்சம் கூடி, நட்ட நடுவில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது.

கேமராக் கோளாறு என்று நினைத்தார். எந்தக் கேலக்ஸியும் இல்லாத வெறும் வானத்தை அதேபோல அடுக்கிப் பார்த்தார். புள்ளி இல்லை.

நட்சத்திரம் கொஞ்சமாகப் பிறக்கும் கேலக்ஸிகளைத் தனியாக அடுக்கினார். புள்ளி இருந்தது, இன்னும் மங்கலாக. நிறைய பிறக்கும் இடத்தில் பிரகாசமாக. எப்படிப் பிரித்து அடுக்கினாலும் அதே கதை.

அன்று அவர் சாப்பிடப் போகவில்லை.

மறுநாள் நப்பின்னையின் அறைக்குப் போய் நின்றார்.

"ரெண்டும் சேர்ந்துதான் வளருது, மேடம். வாயு நிறைய இருக்கற இடத்துல நட்சத்திரமும் பிறக்குது, கருந்துளையும் தின்னுது. வாயு குறைஞ்சா ரெண்டுக்கும் பட்டினி."

"அப்போ உங்க மூணு?"

"கருந்துளை நிதானமா தின்னாது. திடீர்னு பத்திக்கும், அணைஞ்சிடும். நட்சத்திரக் கணக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது. அந்த மூணுலயும் அது எரிஞ்ச நேரத்துல நான் பார்த்திருக்கலாம்."

"அப்போ அது திருடலை?"

"அப்படியும் சொல்ல முடியாது. சில இடத்துல வாயுவை ஊதி வெளியே தள்ளிடலாம். மூணை மட்டும் வெச்சுக்கிட்டு நான் தீர்ப்பு சொன்னது தப்பு."

நப்பின்னை ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் ஜீப் வந்து நின்றது.

தணிகைவேல் உள்ளே வந்து, உட்காராமலே கேட்டார். "ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டே கேக்கறேன். அருளானந்தம், உங்க ஆராய்ச்சியை இவங்க தன்னோடதுன்னு சொன்னாங்களா?"

நப்பின்னையின் கை மேசை மேல் அப்படியே நின்றது. அவருக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை.

அருளானந்தம் இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"சொன்ன மாதிரி காதுல விழுந்தது, சார். ஒரு தடவை. கதவைத் தாண்டிப் போற நேரம்தான்."

"அப்போ புகார் பொய்யா?"

"பொய்னும் சொல்ல மாட்டேன்."

"பின்னே என்னதான் சொல்றீங்க?"

"தெரியலை, சார். நான் கேட்டது போதாது."

தணிகைவேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைச் சொல்லத்தான் என்னை இவ்வளவு தூரம் வரவெச்சீங்களா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார். ஜீப் வளைவுகளில் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"என் வேலை போயிருக்கும்," என்றார் நப்பின்னை.

"தெரியும்."

"என்கிட்டயே கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும். இப்போ கேக்கறேன். அன்னைக்கு போன்ல எதை உங்களோடதுன்னு சொன்னீங்க?"

"சொன்னா நம்புவீங்களா?"

அருளானந்தம் யோசித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும்.

"ஒரு தடவை சொன்னா நம்ப மாட்டேன், மேடம்."

நப்பின்னை மேசை இழுப்பறையைத் திறந்தார். பழைய கட்டுரையை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"ஒரு தடவையை நம்பாத ஆள் எழுதறதுக்காகத்தான் இதை இத்தனை நாள் வெச்சிருந்தேன். இப்போ எழுதுங்க, சார்."