எரியாத குழாய்

"மேடம், நான் டி.சி. வாங்கிட்டுப் போயிடட்டுமா?"

கேட்டவன் சுடலைமுத்து. எம்.எஸ்சி. இயற்பியல். பிளாஸ்மா ஆய்வுக்கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் ரெஜினா தலையை நிமிர்த்தவில்லை. காலையிலிருந்து நின்றே பாடம் நடத்திய கால் அவருக்கு.

விஷயம் இதுதான். பிளாஸ்மா பாடத்தில் பையன் ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். இந்தத் தடவையும் போனால் படிப்பே போச்சு. அதனால் தொந்தரவு எல்லாவற்றையும் ஒழித்துக் கட்டிவிட்டானாம். விடுதியில் தனி அறை. போன் கிடையாது. சேர்ந்து படிக்கிற கூட்டத்துக்கு ஒரு கும்பிடு. அங்கே ஒருத்தன் கேள்வி கேட்டே உயிரை வாங்குவான், ஒருத்தி தப்பாகச் சொல்லிவிட்டு விடிய விடிய வாதாடுவாள்.

இப்போது ஒரு தொல்லையும் இல்லை. மண்டையில் ஏறத்தான் மாட்டேன் என்கிறது.

"அலுத்துப் போச்சு மேடம்."

"எனக்கும்தான்," என்றார் ரெஜினா. "போறதுன்னா போ. அதுக்கு முன்னாடி அந்தக் குழாயை எரிய விட்டுட்டுப் போ."

மேஜைமேல் நீளமான கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் உலோகத் தகடு. உள்ளே இருக்கும் காற்றை பம்பு வைத்து உறிஞ்சிவிட்டு மின்சாரம் கொடுத்தால், மிச்சமிருக்கும் காற்று மின்னேறி, பிளாஸ்மாவாகி ஒளிவிடும்.

சுடலைமுத்து பம்பைப் போட்டான். எல்லோரும் நிறுத்துகிற இடத்தில் அவன் நிறுத்தவில்லை. சுத்தமாக இருந்தால்தானே நன்றாக எரியும் என்று நினைப்பு. அழுத்தமானியின் முள் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும்வரை ஓடவிட்டான்.

மின்னழுத்தத்தை ஏற்றினான். ஒன்றுமில்லை.

இன்னும் ஏற்றினான். திருகுகிற குமிழ் அதற்குமேல் திரும்பவில்லை. குழாய் கம்மென்று கிடந்தது.

இதுகூட நமக்கு வரவில்லையே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

ரெஜினா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குமிழைக் கீழே இறக்கினார். குழாயின் பக்கத்திலிருந்த வால்வை மயிரிழை திறந்தார். முள் கொஞ்சம் மேலே வந்தது. பிறகு மெதுவாக மின்னழுத்தத்தை ஏற்றினார்.

பாதிகூட ஏறியிருக்காது. குழாய் நெடுகக் கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம் பரவியது.

"என்ன மேடம் பண்ணீங்க?"

"கொஞ்சம் காத்தை உள்ள விட்டேன்."

"நான் அவ்வளவு சுத்தமா வச்சிருந்தேனே."

ரெஜினா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வச்சிருந்தே. காத்துல முட்டினாத்தான் வெளிச்சம். பாவம், எலக்ட்ரான் இந்த முனையில கிளம்பி அந்த முனைக்கு நேரே போய்ச் சேர்ந்துடுச்சு. வழியில முட்டிக்க ஒருத்தரும் இல்ல."